கை ஜன்னல்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு ‘மடிப்பு’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். கையில் எது கிடைத்தாலும் மடித்துவிடுவாள். ரொட்டி சுற்றி வந்த காகிதம், பஸ் டிக்கெட், பக்கத்தில் நிற்பவளின் கைக்குட்டை, எதுவும் தப்பாது.

துணியைத் தேய்த்து அனுப்பும் உருளை இயந்திரத்திலிருந்து கட்டில் விரிப்புகள் சுடச்சுட வந்து விழும். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று முனைகளைப் பிடித்து, ஓர் உதறு உதறி, நடந்துவந்து நடுவில் சேர்வார்கள். முனை கைமாறும். மறுபடி விலகுவார்கள். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு நடனம் மாதிரி இருக்கும். செய்கிறவர்களுக்குத் தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இருக்கும். ஒருநாள், விரிப்பின் முனையைப் பிடித்தபடியே மடிப்பு நின்ற நிலையில் தூங்கிப்போனாள். எதிரே நின்றவள் உதறியபோது இவள் துணியோடு சேர்ந்து முன்னால் வந்து விழுந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னபோது அவன் மட்டும் சிரிக்கவில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் கதவு இடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுப்பதில் கெட்டிக்காரன். “சாப்பிட்டீங்களா, என்ன சாப்பிட்டீங்க, வீட்ல யார் சமையல்?” என்று சாவகாசமாக விசாரித்துக்கொண்டே வேலையை முடித்துவிடுவான். அதே குரலில்தான் அன்றைக்கு மனைவியிடமும் பேசினான்.

“இந்த வருஷம் லீவுக்கு நாம எங்கயாவது போறோம்.”

“யாரு, நாமளா? லீவுக்கா? எல்லாரும் இங்க வருவாங்களே.”

“வரட்டும். வீடு இருக்கு, சாவி குடுப்போம். நாம போறோம்.”

அவள் கையிலிருந்த துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

வருடக் கடைசி விடுமுறையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்த நாட்களில் அவன் பக்கத்து ஆட்கள் முழுக்க அந்த வீட்டில்தான் இருப்பார்கள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் தங்கை, பஸ் ஓட்டும் தம்பி, அவரவர் குடும்பம், பிள்ளைகள். இவர்களுக்குப் பிள்ளை கிடையாது. அந்தக் குறை தெரியாத அளவுக்கு வீடு இரையும். காலையில் ஆரம்பிக்கிற சாப்பாடு பொழுது சாயும்வரை ஓடும்.

சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுச்சுவரில் ஒரு திறப்பு உண்டு. இரண்டு தட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் நுழைகிற அகலம், ஒரு முழ உயரம்கூட இல்லை. வீட்டில் அதைக் கை ஜன்னல் என்பார்கள். இந்தப் பக்கம் சாப்பாட்டு மேஜை, அந்தப் பக்கம் சமையல் மேடை. சாப்பிடுகிறவர்களுக்குப் பரிமாறுகிறவளின் கை தெரியும், பரிமாறுகிறவளுக்குச் சாப்பிடுகிறவர்களின் கை தெரியும். அதற்கு மேல் இரண்டு பக்கத்துக்கும் எதுவும் தெரியாது. காலித் தட்டைத் தள்ளினால் நிரம்பி வரும்.

மாமியார் இருந்த காலத்தில் ஒரு சட்டம் போட்டிருந்தாள். விடுமுறை நாளில் கடைசி ஆள் கைகழுவும்வரை சமையலறைக்குள் யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது. பிள்ளைகள் அடுப்பருகே வந்து ரகளை பண்ணுகிறார்கள் என்று ஏதோ ஒரு வருடம் எரிச்சலில் போட்ட சட்டமாக இருக்கும். அது அப்படியே ஊறிப்போய்விட்டது. மாமியார் போன பிறகு கரண்டி இவள் கைக்கு வந்தது. சட்டமும் கூடவே வந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு விடுமுறையில்கூட இவள் அந்த மேஜையில் உட்கார்ந்ததில்லை. இதை யாரும் கொடுமை என்று நினைத்துச் செய்யவில்லை. யாரும் நினைக்கவே இல்லை, அதுதான் விஷயம்.

நாத்தனாரிடம் சாவியைக் கொடுத்தபோது அவள் முகம் தொங்கிப்போனது. “நீங்க இல்லாம எப்படி அண்ணி? சாப்பாட்டுக்கு என்ன பண்றது?”

“கடையில வாங்கிக்கங்க. ஒரு வருஷம்தானே.”

“அதுக்கில்ல, கை ஜன்னல் வழியா வந்தாத்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும்.”

கிளம்புகிற காலையில் சமையலறையைத் துடைத்து, பாத்திரங்களைக் கவிழ்த்து, ஏப்ரனை மடித்து ஆணியில் போட்டாள். வாசலில் கார் ஹாரன் அடித்தது. அவசரத்தில் அடுப்பைத் திரும்பிப் பார்த்து, “நான் வர்ற வரைக்கும் நீ பாத்துக்க” என்று சொல்லிவிட்டு ஓடினாள். அது மாமியாரின் பழக்கம். துணி காயப்போடப் போனால்கூட அடுப்பிடம் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போவாள். கேட்டுக் கேட்டு இவளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் எப்போதும் அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும்போதுதான் சொல்வாள். இந்தத் தடவை அடுப்பு அணைந்திருந்தது.

ஏரிக்கரையில் அவர்கள் எடுத்திருந்தது மரத்தாலான ஒற்றை அறை வீடு. ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, தண்ணீரைப் பார்த்த ஒரு வராந்தா. ஏரியின் மேல் பனி போர்வை மாதிரி கிடந்தது. எதிர்க்கரை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் சாவியைக் கொடுத்து, வெந்நீர்க் குழாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று காட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு மனித வாடையே இல்லை.

முதல் வேலையாக அங்கிருந்த துண்டுகளையெல்லாம் எடுத்து மடித்தாள்.

“அதெல்லாம் ஏற்கெனவே மடிச்சுத்தான் இருந்துச்சு” என்றான் அவன்.

“இது ஒரு மடிப்பா. காது ஒரு பக்கம், வால் ஒரு பக்கம்.”

“நீங்க மட்டும் என்னவாம்” என்று அவளே மேற்கொண்டு கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவனும் சும்மா இல்லை. கதவு கிறீச்சிடுகிறது என்று பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்துக் கீலுக்கு விட்டுக்கொண்டிருந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஓய்வெடுக்கத் தெரியாத ஜென்மங்கள் இரண்டு சேர்ந்து ஓய்வெடுக்க வந்திருந்தன.

மறுநாள் வெயில் ஏறின பிறகுதான் எழுந்தாள். அவன் முட்டை பொரித்து, ரொட்டி வாட்டி, வராந்தாவுக்கே கொண்டுவந்தான். முட்டையின் ஓரம் கருகியிருந்தது. அவள் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். இன்னொருவர் கையால் சமைத்ததை, சூடு ஆறுவதற்குள், உட்கார்ந்து சாப்பிடுவது இத்தனை சுகமா என்று அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகைதான். இப்படியே இருந்துவிடலாம் என்று ஒரு கணம் உண்மையாகவே நினைத்தாள்.

மத்தியானம் மனசு கேட்கவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டார்களோ என்னவோ என்று நாத்தனாருக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். தட்டுச் சத்தம், கொழுந்தனின் வெடிச்சிரிப்பு.

“என்ன அண்ணி, உள்ள இருந்துகிட்டே போன் பண்றீங்க?”

“உள்ளயா? நான் ஏரிக்கரையில இருக்கேன்டி.”

நாத்தனார் சிரித்தாள். “போங்க அண்ணி. இப்பத்தான் ரெண்டாவது தட்டு குடுத்தீங்க. கிழங்கு இன்னிக்கு பஞ்சு மாதிரி வெந்திருக்கு. இவரு கூட சொன்னாரு, அண்ணி போறேன் போறேன்னு பயமுறுத்திட்டு கடைசியில போகலையேன்னு.”

“அங்க யாரு சமைக்கிறது?”

இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நாத்தனார் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள் போல.

“அண்ணி, நிஜமாவே நீங்க அங்கதான் இருக்கீங்களா?”

“உன் அண்ணன்கிட்ட குடுக்கட்டுமா?”

“வேணாம்.” நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். “நாங்க வரும்போதே அடுப்பு எரிஞ்சுகிட்டு இருந்துச்சு. வாசம் வாசல் வரைக்கும் வந்துச்சு. சரி, நீங்க மனசு மாறிட்டீங்கன்னு நினைச்சோம். உக்காந்தோம். தட்டு வந்துச்சு.”

“கை? கையைப் பாத்தியா?”

“உங்க கை மாதிரிதான் இருந்துச்சு.”

“மாதிரின்னா என்ன அர்த்தம்? போய் உள்ள பாரு. இப்பவே போ.”

“சாப்பாடு முடியலையே அண்ணி.”

“சட்டம் கிடக்கட்டும். யாரோ என் சமையலறையில நிக்கிறா. நீ போய்ப் பாரு.”

“பாத்து?” என்றாள் நாத்தனார். பயமும் கெஞ்சலும் கலந்த குரல். “பாத்துட்டா நின்னு போயிடுமோன்னு இருக்கு. பிள்ளைங்க சந்தோஷமா சாப்பிடுதுங்க. போன வருஷம் மட்டும் உங்க முகத்தையா பாத்தோம்? கைதானே பாத்தோம். நீங்க நிம்மதியா இருங்க அண்ணி. இங்க எல்லாம் நல்லபடியா நடக்குது.”

போன் வைக்கப்பட்டுவிட்டது.

அவள் நடந்ததைச் சொன்னபோது கணவன் நம்பவில்லை. தம்பி ஏதோ சமையல்காரியை ஏற்பாடு பண்ணிவிட்டு விளையாடுகிறான் என்றான். தம்பிக்குப் போன் போட்டான். தம்பி வாய் நிறைய எதையோ மென்றுகொண்டு, “அண்ணே, அண்ணிகிட்ட சொல்லு, இந்த வருஷம் மாதிரி என்னிக்கும் சமைச்சதில்லன்னு” என்றான். அதற்குப் பிறகு கணவன் விளையாட்டு என்று சொல்லவில்லை. எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

“திருடியா இருந்தா சமைச்சுப் போட்டுக்கிட்டா இருப்பா?” என்றான் கடைசியில்.

“அப்போ யாரு?”

அவன் ஏரியைப் பார்த்தபடி சொன்னான். “நான் சின்னப் பையனா இருக்கும்போது ஒரு லீவுக்கு அம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க. வயித்துல ஆபரேஷன். ஆனா அந்த வருஷமும் சாப்பாடு வந்துச்சு. கை ஜன்னல் வழியாத்தான். அத்தை யாராவது வந்து சமைச்சிருப்பாங்கன்னு இருந்துட்டேன். பெரியவனானப்புறம் அத்தைகிட்ட கேட்டேன். நான் வரவே இல்லையேடான்னுட்டாங்க.”

“உங்கம்மா ஆஸ்பத்திரியிலேர்ந்து திரும்பி வந்தப்புறம் என்ன ஆச்சு?”

“என்ன ஆகும். வந்தாங்க. நேரா சமையலறைக்குப் போனாங்க. அவ்வளவுதான்.” குப்பியின் மூடியை இறுக்கிக்கொண்டே, “அதுக்கப்புறம் கொஞ்சம் மாறிட்டாங்கன்னு அப்பா சொல்வாரு. ஆபரேஷன் பண்ணினா எல்லாருக்கும் அப்படித்தானே” என்றான்.

அடுப்பு அணைந்திருந்தபோது தான் சொல்லிவிட்டு வந்த வார்த்தை அவளுக்கு நினைவுக்கு வந்தது. சொன்னாள். அவன் சிரிக்கப் பார்த்தான், வாய் ஒத்துழைக்கவில்லை.

“இன்னும் நமக்கு லீவு பாக்கி இருக்கு” என்றான். “நாம இங்கயே இருப்போம். யாரோ சமைக்கிறாங்க, யாரோ சாப்பிடறாங்க. உனக்கு வேண்டியது ஓய்வு. கிடைச்சிருக்கு. அனுபவிச்சிட்டுப் போவோமே.”

“அது என் அடுப்பு.”

“அந்த அடுப்புதான் உன்னை நின்னுகிட்டே தூங்க வெச்சுது.”

“இருக்கட்டும். என் இடத்துல இன்னொருத்தி நின்னா யாருக்கும் வித்தியாசம் தெரியலைன்னா, இத்தனை வருஷம் அங்க நின்னது யாரு? நான் போய் என் கரண்டியை வாங்கிக்கணும். வாங்கின கையோட அதை வீசிட்டுக்கூட வந்துடறேன். ஆனா நான்தான் வீசணும்.”

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற குரல் மனைவியிடம் செல்லுபடியாகவில்லை.

விடிந்ததும் கிளம்பினார்கள். பனி சாலையை விழுங்கியிருந்தது. வண்டியின் விளக்கு வெளிச்சம் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். இடையில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தி, “ஏதாவது சாப்பிடறியா?” என்று கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டினாள். உண்மையில் அவளுக்கு நல்ல பசி. கோபத்தோடு பொறாமையும் சேர்ந்திருந்தது என்பதை மறைப்பானேன். பஞ்சு மாதிரி வெந்த கிழங்கு என்ற வார்த்தை தொண்டையில் முள்ளாக நின்றது. இவள் வேகவைத்த கிழங்கைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வீட்டை அடைந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். தெருமுனையிலேயே வாசம் வந்துவிட்டது. இறைச்சியும் வெங்காயமும் மெல்ல மெல்லச் சுண்டுகிற வாசம். அவள் கைப்பக்குவம்தான். அதைவிட ஒரு பிடி மேல்.

“நீ போ, நான் வண்டியை ஓரமா விட்டுட்டு வரேன்” என்றான் அவன்.

சாப்பாட்டு அறை வாசலில் நின்றாள். எல்லோரும் இருந்தார்கள். பிள்ளைகள் தலை குனிந்து மும்முரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. சுவரில் கை ஜன்னல் வழியாக இரண்டு கைகள் வந்து ஒரு தட்டை வைத்துவிட்டு உள்ளே போயின. மணிக்கட்டுவரைதான் தெரிந்தது. அவளுடைய கைகள். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருந்தது.

நாத்தனார்தான் முதலில் இவளைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. எழுந்து தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“வாங்க அண்ணி. உக்காருங்க. உங்களுக்கும் தட்டு வந்துடும்.”

“ஆமா அண்ணி, ஒரு தடவை எங்களோட உக்காந்து சாப்பிடுங்க” என்றான் கொழுந்தன், ஒன்றுமே நடக்காத மாதிரி.

அந்த நாற்காலி அவள் கண்ணெதிரே இருந்தது. மெத்தை வைத்த நாற்காலி. கால்கள் வலித்தன, வயிறு காய்ந்தது. உட்கார்ந்திருக்கலாம். கேட்டு வந்ததைவிட நல்ல இடம்தான் அது. ஆனால் பிடிவாதக்காரிக்கு அது எங்கே தோன்றப்போகிறது. நேராக நடையில் திரும்பிச் சமையலறைப் பக்கம் போனாள்.

“உள்ள போகாதீங்க அண்ணி” என்றாள் நாத்தனார் பின்னாலிருந்து. “நாங்க இன்னும் சாப்பிட்டு முடிக்கலை.”

கதவைத் தள்ளினாள். உள்ளே யாரும் இல்லை.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பெரிய பாத்திரத்தில் குழம்பு கொதித்தது. கரண்டி பாத்திரத்தின் மேல் குறுக்காக இருந்தது, பிடி இன்னும் சூடாக இருந்தது. பின்கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. அலமாரிக்குப் பின்னால், மேடைக்குக் கீழே, எங்கேயும் ஒரு பூச்சிகூட இல்லை. ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தாள். வந்தவள் எவளோ இவள் காலடிச் சத்தம் கேட்டுக் கரைந்துபோய்விட்டாள், அடுப்பு மறுபடி இவளுடையது.

கை ஜன்னலில் ஒரு காலித் தட்டு வந்தது. “இன்னும் கொஞ்சம்” என்றது ஒரு பிள்ளையின் குரல்.

இதை மட்டும் நிரப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போகலாம் என்று நினைத்தாள். பசித்த பிள்ளையின் தட்டைக் காலியாகத் திருப்பி அனுப்ப அவளுக்குத் தெரியாது. நிரப்பினாள். தள்ளினாள். அதற்குள் இன்னொன்று வந்திருந்தது.

வாசலில் கணவனின் செருப்புச் சத்தம் கேட்டது. “எங்க அவ?” என்றான்.

“இங்கதான் இருக்கேன்” என்று சொல்ல வாயெடுத்தாள்.

“இங்கதான் இருக்கேன்” என்றது ஒரு குரல், சாப்பாட்டு அறையிலிருந்து. அவளுடைய குரல். “கை கழுவப் போனேன். நீங்களும் வந்து உக்காருங்க.”

நாற்காலி தரையில் இழுபடும் சத்தம். கணவன் பெருமூச்சு விட்டான். சுமையை இறக்கி வைத்தவனின் பெருமூச்சு. “அப்பாடா. உள்ள யாரும் இல்லையே?”

“யாரும் இல்ல. எல்லாம் வீண் பயம்.”

மடிப்பு மேடையில் சாய்ந்து, தலையைத் தாழ்த்தி, கை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மேஜையின் ஓரமும் கைகளும்தான் தெரிந்தன. நகக்கண்ணில் கிரீஸ் படிந்த கணவனின் கை. அதன் மேல் இன்னொரு கை உரிமையோடு கிடந்தது. தன் கைதான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் நன்றாகத் தூங்கி எழுந்த கை அது, நீராவி படாத கை.

“என்னங்க” என்று கூப்பிட்டாள். “நான் இங்க இருக்கேன். இந்தப் பக்கம் பாருங்க.”

மேஜையில் பேச்சு நிற்கவில்லை. ஒரு தட்டு வந்தது, அதன் பின்னாலேயே இன்னொன்று. கதவு திறந்துதான் கிடந்தது. யாரும் பூட்டவில்லை, யாரும் பிடித்து வைக்கவில்லை. இந்தத் தட்டோடு போய்விடலாம் என்று நிரப்பினாள். அடுத்ததோடு போய்விடலாம் என்று அதையும் நிரப்பினாள்.

“இன்னும் லீவு பாக்கி இருக்கே” என்றது மேஜையிலிருந்த அவள் குரல். “மறுபடி ஏரிக்கே போயிடலாமா?”

“நீயா கேக்குற?” கணவன் வாய்விட்டுச் சிரித்தான். வருடக்கணக்காக அவன் அப்படிச் சிரித்து இவள் கேட்டதில்லை. “போலாம். இப்பவே போலாம்.”

“சாவி உன்கிட்டயே இருக்கட்டும்” என்று அந்தக் குரல் நாத்தனாரிடம் சொன்னது. “நாங்க வர்ற வரைக்கும் பாத்துக்க.”

“நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க அண்ணி” என்றாள் நாத்தனார். “இங்க ஒண்ணும் குறையில்ல.”

வாசலில் கார் கிளம்பிய சத்தம் கேட்டபோது மடிப்பு கதவை நோக்கி இரண்டடி வைத்தாள். பின்னால் குழம்பு தளதளவென்று பொங்கியது. அடிபிடித்துவிட்டால் பிள்ளைகள் வாயில் வைக்க மாட்டார்களே என்று திரும்பிவந்து கிளறினாள்.